ஏமாந்து போட்ட ஓட்டா, தெரிந்து போட்ட ஓட்டா?

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி வரத்து கூடிப்போய் கிலோ இரண்டு மூன்று ரூபாய்க்கு இறங்கினால் பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி சென்னைக் கடைகளில் நூறு ரூபாயைத் தாண்டியது. இப்போது இரண்டு சேனல்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, கொட்டிக் கிடக்கும் தக்காளியை மட்டும் ஆண்டு முழுக்கக் காட்டுகிறது. மற்றொன்று, காலிப் பையைத் தூக்கிக் காட்டிப் புலம்பும் சென்னைக் குடும்பத்தை மட்டும் காட்டுகிறது. இரண்டுமே ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனால் முதல் சேனலை மட்டும் பார்த்தவர் விவசாயி செத்தான் என்பார், அடுத்ததை மட்டும் பார்த்தவர் விவசாயி கொழிக்கிறான் என்பார். இவர்களில் ஏமாற்றப்பட்டவர் யார்?

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஓயாமல் நடக்கும் சண்டை ஒன்று இந்த இடத்தில்தான் நிற்கிறது. குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடும் பழமைவாதிகளை அவர்களுடைய தலைவர்களும் அவர்கள் பார்க்கும் சேனல்களும் ஏமாற்றுகின்றனவா? டல்லாஸ், நியூஜெர்சி என்று பிள்ளைகளை அனுப்பிவைத்த ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளில் இந்தச் சண்டை குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. "டிரம்ப்புக்குப் போட்டவங்க எல்லாம் டிவியைப் பார்த்து ஏமாந்தவங்க, பெரியப்பா" என்று பையன் அங்கிருந்து எழுதுவான். "அவங்க ஊரு நிலவரம் அவங்களுக்குத் தெரியாதாடா?" என்று பெரியப்பா இங்கிருந்து கேட்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்க்கலாம்.

முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டும்

அமெரிக்கப் பழமைவாதி என்றால் பெரும்பாலும் இவற்றில் சிலவற்றையாவது விரும்புகிறவர்: வரி குறைய வேண்டும், அரசாங்கம் சிறியதாக இருக்க வேண்டும், துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும், கருக்கலைப்புக்குத் தடை வேண்டும், வெளிநாட்டார் வந்து குடியேறுவதற்குக் கடிவாளம் வேண்டும். இவை எல்லாம் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதில்லை.

இவரை நம்மூர்க் கட்சி ஒன்றோடு பொருத்திப் பார்ப்பதுதான் புதிதாகப் படிப்பவர் செய்யும் முதல் தவறு. தர்மபுரியில் சாதி, குடும்பம், கோயில் விஷயத்தில் மிகக் கட்டுப்பெட்டியான ஒருவர், ரேஷன் அரிசி நின்றால் முதல் ஆளாகச் சாலையில் உட்காருவார். அதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியாது. மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலை 24 அன்று தர்மபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடங்கியது. யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில்தான் தகராறு வந்ததே தவிர, அரசு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் சொற்பம். அமெரிக்கப் பழமைவாதி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவார்.

'ஏமாற்று' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு சரக்கு

முதல் சரக்கு பச்சைப் பொய். 2009இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் விவாதத்தில் இருந்தபோது, யார் பிழைக்கலாம் யார் சாகலாம் என்று அதிகாரிகள் குழு ஒன்று தீர்மானிக்கும் என்ற பேச்சைக் குடியரசுக் கட்சியின் சாரா பேலின் கிளப்பினார். மசோதாவில் அப்படி எதுவும் இல்லை. முதியவர்கள் தங்கள் கடைசிக்காலச் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் விருப்பப்பட்டுக் கலந்து பேசினால் அந்த நேரத்துக்கான கட்டணத்தைக் காப்பீடு தரும் என்ற ஒரு பிரிவுதான் இருந்தது. அதுதான் 'மரணக் குழு' ஆனது.

இரண்டாவது பாதி உண்மை. தக்காளிக் கதை அதுதான்.

மூன்றாவது பெயர்ப்பலகை. கென்டக்கி மாநிலத்தில் அதே ஒபாமா சட்டத்தின்படி அமைந்த காப்பீட்டுச் சந்தைக்கு 'கைனெக்ட்' என்று பெயர் வைத்தார்கள். 2014 மே மாதக் கருத்துக்கணிப்பில் 'ஒபாமாகேர்' பிடிக்கவில்லை என்றவர்கள் 57 சதவீதம், 'கைனெக்ட்' பிடிக்கவில்லை என்றவர்கள் 22 சதவீதம். ஒரே சரக்குக்கு இரண்டு லேபிள் ஒட்டினால் இவ்வளவு வித்தியாசம். இதற்குப் பின்னால் ஆழமான காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அரசின் உதவி பெரும்பாலும் வரிக்கழிவு, காப்பீடு என்று கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. சுசேன் மெட்லர் என்ற அரசியல் அறிஞர் ஆராய்ந்த கணக்கெடுப்பில், அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களிலேயே 44 சதவீதம் பேர், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெறுகிறவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், 'அரசுத் திட்டம் எதையும் நான் பயன்படுத்தியதில்லை' என்று பதில் சொன்னார்கள். பென்னாகரத்தில் ரேஷன் கடை வரிசையில் நிற்பவரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார். அரிசி எங்கிருந்து வருகிறது, எந்த ஆட்சியில் விலை நின்று இலவசமானது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அரசு உதவி கண்ணுக்குத் தெரியாத நாட்டில், 'அரசு உங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை, வரிதான் பிடுங்குகிறது' என்று பேசி ஓட்டு வாங்குவது எளிது.

நான்காவது, ஏமாற்றே இல்லாத ஒன்று: மதிப்பீட்டு வேறுபாடு. 'ஏழை வெள்ளைக்கார விவசாயி தன் காசுக்கு எதிராகவே ஓட்டுப் போடுகிறான், ஆகவே ஏமாந்தவன்' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். ஆனால் கலிபோர்னியாப் பணக்காரர் தன் வரியை ஏற்றப்போகும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் அவரை யாரும் ஏமாந்தவர் என்று சொல்வதில்லை, கொள்கைக்காரர் என்கிறோம். கருக்கலைப்பைக் கொலை என்று உள்ளபடியே நம்புகிறவருக்கு வரிச்சலுகை இரண்டாம்பட்சம்தான். அதைத் தவறு என்று வாதாடலாம், ஏமாற்று என்று பெயர் வைக்க முடியாது. பையன் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்

2003இல், ஈராக் போர் தொடங்கிய சில மாதங்களில், மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று மூன்று தவறான செய்திகளை வைத்து மக்களைக் கேட்டது. சதாமுக்கும் அல் கொய்தாவுக்கும் தொடர்பு நிரூபணமாகிவிட்டது, பேரழிவு ஆயுதங்கள் கண்டெடுக்கப்பட்டன, உலக நாடுகளில் பெரும்பான்மை மக்கள் போரை ஆதரித்தார்கள் என்பவை அந்த மூன்று. இவற்றில் ஒன்றையாவது நம்பியவர்கள், பழமைவாதப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் நியூஸ் சேனலைப் பார்ப்பவர்களில் 80 சதவீதம். லாப நோக்கில்லாத பொது ஒலிபரப்பை (என்.பி.ஆர்., பி.பி.எஸ்.) நம்பியிருந்தவர்களில் 23 சதவீதம்.

இதைப் பார்த்ததும் 'பார், சேனல்தான் கெடுத்தது' என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். ஏற்கெனவே அப்படி நினைத்தவர்கள்தான் அந்தச் சேனலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் இதே எண்ணை வைத்துச் சொல்லலாம். மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம், ஆகவே மருத்துவமனைதான் நோயைக் கொடுக்கிறது என்பது போல ஆகிவிடும். சேனல் ஆளை மாற்றியதா, ஆள் சேனலைத் தேடிப் போனாரா என்று பிரித்தெடுக்க வேறு வழி வேண்டும்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் தொடங்கியது. தொடங்கிய உடனே நாடு முழுக்கப் போய்ச் சேரவில்லை. ஊருக்கு ஊர் வேறு கேபிள் கம்பெனி. சிலர் சேர்த்தார்கள், சிலர் சேர்க்கவில்லை. காரிமங்கலத்தில் ஒரு சேனல் வருகிறது, பக்கத்து ஊரில் வரவில்லை, மற்றபடி இரண்டு ஊர் மக்களும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரிலும் முந்தைய தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் ஓட்டு எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட்டால் சேனலின் பங்கு தனியே தெரியும். டெல்லாவின்யா, கப்லான் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 9,000க்கும் மேற்பட்ட ஊர்களை இப்படி ஒப்பிட்டு 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஃபாக்ஸ் போய்ச் சேர்ந்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் ஓட்டு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை கூடியிருந்தது.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலை முடிவுசெய்த புளோரிடாவில் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில்.

பின்னால் 2017இல் மார்ட்டின், யூருகோக்லு என்ற இருவர் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். கேபிள் வரிசையில் சேனல் முன்னால் இருந்தால் மக்கள் அதைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பார்கள். அந்த வரிசை எண் ஊருக்கு ஊர் ஏறக்குறைய தற்செயலானது. அதை வைத்துக் கணக்கிட்டால், வாரத்துக்கு இரண்டரை நிமிடம் கூடுதலாக ஃபாக்ஸ் பார்த்தால் குடியரசுக் கட்சியின் ஓட்டு 0.3 சதவீதப் புள்ளி கூடுகிறது. கேபிளில் எங்கள் சேனலைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நம் ஊரில் கட்சிகள் ஏன் அப்படிக் கொதிக்கின்றன என்பது இப்போது விளங்கும்.

எல்லாவற்றிலும் சுவாரசியமான சோதனை 2020 செப்டம்பரில் நடந்தது. புரூக்மன், கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் தினமும் ஃபாக்ஸ் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மணிக்கு 15 டாலர் கூலி கொடுத்து, வாரத்துக்கு ஏழு மணி நேரம் வரை, ஒரு மாதம், எதிர்ப்பக்கம் சாய்வதாகக் கருதப்படும் சி.என்.என். சேனலைப் பார்க்க வைத்தார்கள். பார்த்தார்களா என்று வினாத்தாள் வைத்துச் சோதித்தார்கள். மாத முடிவில் அவர்கள் ஜனநாயகக் கட்சிக்கு மாறிவிடவில்லை. ஆனால் தங்கள் சேனல் காட்டாமல் விட்ட செய்திகள், குறிப்பாகக் கொரோனா பற்றியவை, அவர்களுக்குத் தெரிந்திருந்தன. டிரம்ப் தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைச் சொல்லுமா என்ற நம்பிக்கை குறைந்திருந்தது. பிறகு கூலி நின்றது, பழைய சேனலுக்கே திரும்பினார்கள், இரண்டு மாதத்துக்குள் மாற்றம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. கட்சிச் சேனலின் பெரிய பலம் அது சொல்லும் பொய்யைவிட அது சொல்லாமல் விடும் செய்தியில் இருக்கிறது என்று நாம் நினைப்பதற்கு இந்தச் சோதனைதான் முக்கியக் காரணம்.

சேனலே பார்வையாளருக்குப் பயந்த கதை

அரசியல்வாதி கயிறு இழுக்கிறான், சேனல் ஆடுகிறது, மக்கள் ஏமாறுகிறார்கள் என்ற வரிசையில் யோசிப்பவர்கள் 2020 நவம்பரைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

தேர்தல் நாள் இரவு 11.20 மணிக்கு, மற்ற சேனல்களுக்கு முன்பாக, அரிசோனாவில் பைடன் வெற்றி என்று ஃபாக்ஸ் நியூஸே அறிவித்தது. கணிப்பு சரியாகவும் ஆனது. ஆனால் பார்வையாளர்கள் கொதித்தார்கள். ஒரு கூட்டம் நியூஸ்மேக்ஸ் என்ற சின்னச் சேனலுக்குத் தாவியது. ஃபாக்ஸுக்குள் பீதி. அதன்பிறகுதான் வாக்கு எந்திரத் தயாரிப்பு நிறுவனமான டொமினியன் ஓட்டுகளை மாற்றிவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு அதன் நிகழ்ச்சிகள் இடம் கொடுத்தன. டொமினியன் 160 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. வழக்கில் வெளிவந்த உள் செய்திகளில், திரையில் அந்த விருந்தினர்களை உட்காரவைத்துப் பேசிய தொகுப்பாளர்களே தங்களுக்குள் 'இது பைத்தியக்காரத்தனம்' என்ற ரீதியில் எழுதியிருந்தது தெரிந்தது. உண்மையைச் சொன்னால் பார்வையாளர் போய்விடுவார் என்ற பயமும் அதில் அப்பட்டமாக இருந்தது. டொமினியனைப் பற்றிச் சொன்னவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது தெள்ளத் தெளிவு என்று நீதிபதி 2023 மார்ச் இறுதியில் தீர்ப்பெழுதினார். ஏப்ரலில் விசாரணை தொடங்கும் தறுவாயில் ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 6,400 கோடி ரூபாய், கொடுத்துச் சமாதானமானது. நியூஸ்மேக்ஸும் 2025இல் டொமினியனுக்கு 6.7 கோடி டாலர் கட்டியது.

டிரம்ப் தோற்ற அந்தத் தேர்தல் திருடப்பட்டது என்று அவர் தரப்பு போட்ட வழக்குகள் அறுபதுக்கும் மேல். ஏறத்தாழ எல்லாமே தோற்றன, டிரம்ப்பே நியமித்த நீதிபதிகள் முன்னாலும் தோற்றன. அரிசோனாவின் மாரிகோபா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) அந்த மாநில மேலவையின் குடியரசுக் கட்சியினரே ஆள் வைத்து மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். பைடனுக்கு 99 ஓட்டு கூடியது, டிரம்ப்புக்கு 261 குறைந்தது. இவ்வளவுக்குப் பிறகும் குடியரசுக் கட்சியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்துக்கணிப்புகளில் தேர்தல் முறையாக நடக்கவில்லை என்றே சொல்லிவந்தார்கள். பச்சைப் பொய் என்ற முதல் சரக்குக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. இங்கே பெரியப்பா பக்கம் வாதமே இல்லை.

தலைவர் சொன்னால் கட்சிக்காரர் மனம் எவ்வளவு திரும்பும் என்பதற்கும் ஓர் எண் இருக்கிறது. சிரியா மீது ஏவுகணை வீசலாமா என்று 2013இல், ஒபாமா அதிபராக இருக்கும்போது, கேட்டார்கள். குடியரசுக் கட்சியினரில் 22 சதவீதம் பேர் ஆதரித்தனர். 2017இல் டிரம்ப் வீசியபோது 86 சதவீதம். இந்த விஷயத்தில் ஜனநாயகக் கட்சியினர் 38, 37 என்று அசையாமல் இருந்தார்கள்.

சொல்வதெல்லாம் நம்புவதல்ல

2017இல் டிரம்ப் பதவியேற்புக் கூட்டத்தின் படத்தையும் 2009இல் ஒபாமா பதவியேற்புக் கூட்டத்தின் படத்தையும் பெயர் போடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் ஆள் அதிகம் என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் வித்தியாசம். டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர்களில் 15 சதவீதம் பேர் ஆள் குறைந்த படத்தைக் காட்டினார்கள். அவர்களுக்குக் கண் தெரியாமலில்லை. தர்மபுரியில் மாநாடு முடிந்து வேனில் திரும்பும் தொண்டரிடம் 'எவ்வளவு கூட்டம்?' என்று கேட்டால் 'லட்சத்துக்குக் குறையாதுங்க' என்பார். அது எண்ணிக்கை இல்லை, விசுவாசம். கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். கருத்துக்கணிப்புக்காரர் மட்டும் அதை எண்ணிக்கை என்று எழுதிக்கொள்கிறார்.

வேறொரு சோதனையில், சரியான பதிலுக்குச் சிறு தொகை பரிசு என்றதும் இரு கட்சியினரின் பதில்களுக்கு இடையிலான தூரம் கணிசமாகக் குறைந்தது. 'தெரியாது' என்று ஒப்புக்கொள்வதற்கும் காசு உண்டு என்றபோது இன்னும் குறைந்தது. ஆகவே 'இத்தனை சதவீதம் பேர் இந்தப் பொய்யை நம்புகிறார்கள்' என்ற தலைப்பைப் படிக்கும்போது ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். முழுதும் கழித்துவிடாதீர்கள்.

கான்சஸ் மாநிலமும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். 2012இல் அங்கே குடியரசுக் கட்சி ஆளுநர் (அங்கே மக்கள் தேர்ந்தெடுக்கும், நம் முதல்வர் போன்றவர்) பிரவுன்பேக் பெரிய வரிக்குறைப்புச் செய்தார். பொருளாதாரம் பாயும் என்றார். வருவாய் விழுந்தது, பள்ளிகள் திண்டாடின. 2017இல் அந்தச் சலுகைகளை ஆளுநர் போட்ட தடையையும் (வீட்டோ) மீறித் திரும்பப் பெற்றது அதே குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம். அடுத்த ஆண்டு ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி ஜெயித்தார். 2020இல் டிரம்ப்புக்கு 56 சதவீதம் கொடுத்த அந்த மாநிலம்தான், 2022 ஆகஸ்டில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீக்கும் முன்மொழிவை 59 சதவீத ஓட்டுகளால் நிராகரித்தது. பள்ளிக்கூடமும் ரோடும் கண்ணெதிரே இருப்பவை. அங்கே சேனலின் பேச்சு ஓரளவுக்கு மேல் எடுபடுவதில்லை. ஈராக்கும் வாக்கு எந்திரத்தின் உள்புறமும் கண்ணுக்கு எட்டாதவை.

அந்தப் பக்கம் மட்டும்தானா?

சமூக வலைத்தளப் பொய்ச் செய்தியைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் சமம் என்று சொல்வது தவறு. 2016 தேர்தலை ஒட்டி நடந்த ஆய்வுகளில் பழமைவாதிகள் பொய்ச் செய்தித் தளங்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். ஆனால் அதே ஆய்வுகளின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் அப்படி ஒன்றையாவது பகிர்ந்தவர்கள் மொத்தத்தில் 8.5 சதவீதம்தான். ட்விட்டரில் பகிரப்பட்ட பொய்த் தளங்களில் 80 சதவீதம் வெறும் 0.1 சதவீதக் கணக்குகளிலிருந்து வந்தது. ஃபேஸ்புக்கில் கட்சியைவிட வயது வலுவாக நின்றது: 65 வயதைத் தாண்டியவர்கள், இளையவர்களைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு பகிர்ந்தார்கள். (பெரியப்பாமார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இடது பக்கத்திலும் சரக்கு உண்டு. 'உங்களுக்குப் பிடித்த காப்பீட்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்' என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னார். 2013இல் லட்சக்கணக்கானோருக்குக் காப்பீடு ரத்து என்று கடிதம் வந்தது. 'மரணக் குழு'வை 2009ஆம் ஆண்டின் பெரிய பொய் என்று தேர்ந்தெடுத்த அதே பாலிட்டிஃபேக்ட் என்ற உண்மை சரிபார்ப்புத் தளம், 2013க்கு இந்த வாக்குறுதியைத் தேர்ந்தெடுத்தது. எதிர்க்கட்சிக்காரர் யார் என்ற கேள்வியில் இரு தரப்புமே தலைகீழாக நிற்கின்றன. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் குடியரசுக் கட்சியினரில் 44 சதவீதம் என்று ஜனநாயகக் கட்சியினர் நினைக்கிறார்கள். உண்மை 2 சதவீதம். ஜனநாயகக் கட்சியினரில் 38 சதவீதம் பேர் தன்பாலின, இருபாலின ஈர்ப்பாளர்கள் என்று குடியரசுக் கட்சியினர் நினைக்கிறார்கள். உண்மை 6 சதவீதம். 'பழமைவாதிகள் எல்லாம் ஏமாந்தவர்கள்' என்று எழுதும் பையனும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளிதான்.

நம்மூரில் பழகிப் பார்ப்பதற்கு

கட்சிச் சேனல் என்பது தமிழனுக்குப் புதிதல்ல. கலைஞர் டிவி யாருடையது, ஜெயா டிவி யாருடையது, மக்கள் டிவி யாருடையது என்று தர்மபுரி டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரிமோட்டை எடுக்கும்போதே தள்ளுபடி போட்டுத்தான் பார்க்கிறோம். ஃபாக்ஸ் நியூஸ் பல ஆண்டுகள் 'நேர்மை, நடுநிலை' என்ற வாசகத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டிருந்தது. நிறம் தெரிந்த சேனலைவிட நிறம் மறைத்த சேனல்தான் கூடுதல் ஆபத்து. நம் பக்கம் அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவை பெயர் தெரியாத யூடியூப் சேனல்கள். அவற்றுக்கு யார் காசு தருகிறார்கள் என்று டீக்கடைக்கும் தெரியாது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்குகிறது. மேகதாது பற்றிய செய்தி வரும் நாளில் ஒரு தமிழ்ச் சேனலையும் ஒரு கன்னடச் சேனலையும் பதினைந்து பதினைந்து நிமிடம் பாருங்கள். இரண்டிலும் வந்த தகவல்களை ஒரு தாளில் எழுதுங்கள், ஒன்றில் மட்டும் வந்ததைத் தனியே குறியுங்கள். எது பொய் என்று தேடாதீர்கள், பெரும்பாலும் கிடைக்காது. எது விடுபட்டது என்று மட்டும் பாருங்கள். 2008இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியபோது இந்தப் பக்கத்துப் பேச்சு புளோரைடு தண்ணீரும் கறை பிடித்த பல்லும் வளைந்த எலும்பும். அந்தப் பக்கத்துப் பேச்சு எல்லையும் ஆற்றுப் பங்கும். 2013இல் தண்ணீர் வந்த பிறகும் அந்த இரண்டு கதைகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் வருவதற்கு முறை வேறு. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கைகளாவது மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். எழுதியவரைத் தேடிப் பிடிப்பது கடினம். முதலில் அதில் உள்ள வாக்கியங்களைப் பிரியுங்கள். நடந்தது, நடக்கப்போவதாகச் சொல்வது, நல்லது கெட்டது என்ற தீர்ப்பு என்று மூன்று வகை. முதல் வகையை மட்டும்தான் சரிபார்க்க முடியும். தேதி, இடம், அலுவலகம் மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் சரிபார்ப்பதற்கே அதில் ஒன்றும் இல்லை. படம் இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டு அது முதலில் எப்போது வந்தது என்று பாருங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று பரவிய வீடியோக்களில் சம்பந்தமே இல்லாத சண்டைகள் இருந்தன. படம் உண்மை, தலைப்புப் பொய். வேட்பாளரின் சொத்து, வழக்கு பற்றியதென்றால் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அவருடைய பிரமாணப் பத்திரம் கிடைக்கும். எந்த வாக்குச்சாவடியில் எத்தனை ஓட்டு என்பது படிவம் 20இல் இருக்கும்.

தவறு என்று தெரிந்த பின்பு அதைக் குழுவில் திருத்துவதில்தான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பொய்யைத் தலைப்பில் மறுபடி எழுதி, பக்கத்தில் 'இது பொய்' என்று போடுவார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழும் வாக்கியம் உண்மை போலவே ஒலிக்கத் தொடங்கும் என்பது 1977லேயே சோதித்துக் கண்டது. முதல் வரியில் சரியான தகவல், நடுவில் ஒரே வரியில் எது தவறு, கடைசியில் மறுபடி சரியான தகவல் என்று எழுதுவது நல்லது. திருத்தினால் எதிராளி இன்னும் பிடிவாதமாகிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. பின்னால் வந்த பெரிய சோதனைகளில் அது மிக அரிதாகத்தான் தென்பட்டது. பெரும்பாலானோர் தகவலைத் திருத்திக்கொள்கிறார்கள். ஓட்டை மட்டும் மாற்றிக்கொள்வதில்லை. டிரம்ப் ஆதரவாளர்களிடம் அவர் சொன்னது தவறு என்று புள்ளிவிவரம் காட்டியபோது தவறு என்று ஒப்புக்கொண்டார்கள், ஆதரவு அப்படியே இருந்தது.

அதனால் பெரியப்பா அனுப்பியதைத் திருத்த வேண்டுமானால் குழுவில் நாற்பது பேர் முன்னால் செய்யாதீர்கள், அவருக்குத் தனியாக அனுப்புங்கள். 'ஏமாந்துட்டீங்க' என்ற சொல் வேண்டாம். "பெரியப்பா, அந்த வீடியோ 2019லயே வந்ததாம், தேதி பாருங்க" என்று தேதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழுவில் இருக்கும் பழைய செய்தியை அழிப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.